உள்ளூர் சுகாதார அலுவலர்களுக்குத் தொற்றுநோய்க் கண்காணிப்புப் பயிற்சி: பயிற்றுநருக்கான முழுமையான வழிகாட்டி

களத்தில் வேலை பார்க்கும் சுகாதார அலுவலர்களுக்குத் தொற்றுநோய்க் கண்காணிப்பைச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தப் பயிற்சிகள் பல, நோய்களைப் பற்றிய விரிவுரையில் தொடங்கி மென்பொருளில் தரவு ஏற்றுவதில் முடிகின்றன. இடையில் ஒரு வேலை இருக்கிறது: பதிவேட்டைப் புரட்டும்போதே வழக்கத்துக்கு மாறான ஒன்றைக் கண்டுகொண்டு, அன்றைக்கே உரியவரிடம் சொல்வது. அதற்கு யாரும் பழக்குவதில்லை.

கீழே உள்ள வரிசை முழுவதும் அந்த ஒரு வேலையை மையமாக வைத்தது. வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

1. முதலில் அவர்கள் மேசைக்குப் போங்கள்

பாடத்திட்டம் எழுதுவதற்கு முன், பயிற்சிக்கு வரப்போகிறவர்களில் இரண்டு மூன்று பேருடைய அலுவலகத்துக்கு நேரில் போய் உட்காருங்கள். புறநோயாளர் பதிவேடு, கடந்த மூன்று மாத வார அறிக்கைகள், ஆய்வகத்துக்கு அனுப்பிய படிவங்கள், ஆய்வகத்திலிருந்து வந்த முடிவுகள் ஆகிய நான்கையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பதிவேட்டில் ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டு வயிற்றுப்போக்கு நோயாளிகளை நீங்களே எண்ணுங்கள். அதே வாரத்து அறிக்கையில் என்ன எண் இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாமல் இருப்பதே வழக்கம். எங்கே விலகுகிறது என்று தேடினால், எதைச் சொல்லித்தர வேண்டும் என்பதில் பாதி தெரிந்துவிடும். ஒரே நோயாளியை இரண்டு முறை எண்ணியிருப்பார்கள், வேறு ஊரிலிருந்து வந்தவரை விட்டிருப்பார்கள், அல்லது 'காய்ச்சல்' என்று மட்டும் எழுதியதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாமல் விட்டிருப்பார்கள்.

இந்தப் பதிவேட்டுப் பக்கங்களைப் பெயர், முகவரி, கைப்பேசி எண் மூன்றையும் மறைத்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி முழுவதும் இதுதான் உங்கள் பாடப்பொருள். ஏற்கெனவே தயாரித்து வைத்த பயிற்சித்தாளில் எல்லாக் கட்டமும் ஒழுங்காக நிரம்பியிருக்கும். அதை வைத்துப் பழகியவர்கள் சொந்தப் பதிவேட்டுக்குத் திரும்பியதும் தடுமாறுகிறார்கள்.

2. யாரை அழைப்பது

அறிக்கையில் கையெழுத்துப் போடுபவரை விட்டுவிட்டு, அறிக்கையை உண்மையில் தயாரிப்பவரை அழையுங்கள். பல இடங்களில் இவர்கள் இரண்டு வேறு ஆட்கள். கையெழுத்துப் போடுபவருக்குத் தனியாக அரைநாள் ஒதுக்கினால் போதும்.

அந்த அரைநாளில் அவரிடம் இரண்டு விஷயங்களைப் பேசி முடித்துவிட வேண்டும். பயிற்சி பெறுபவருக்கு வாரத்தில் சில மணி நேரம் கள வேலைக்கு ஒதுக்கித் தருவது ஒன்று. 'உங்கள் பகுதியில் கேஸ் கூடியிருக்கிறது' என்று அறிக்கை அனுப்பியவரைக் கண்டிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுப்பது இன்னொன்று. இரண்டாவது முடியாவிட்டால் எவ்வளவு நல்ல பயிற்சியும் பலிக்காது. எண்ணிக்கை கூடினால் திட்டு விழும் என்று தெரிந்த அலுவலர், எண்ணிக்கையைக் கூடவிடமாட்டார்.

களத்தில் கூடவே இருந்து திருத்தும் வழிகாட்டி ஒருவருக்கு ஐந்து, ஆறு பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் ஒவ்வொருவருடைய பட்டியலையும் வரிவரியாகப் பார்த்துத் திருத்த முடியாது.

3. வகுப்பையும் களத்தையும் மாற்றி மாற்றி வையுங்கள்

தொடர்ந்து ஐந்து நாள் வகுப்பு நடத்தி அனுப்பிவிடுவது பயிற்றுநருக்கு வசதி, கற்பவருக்குப் பயனில்லை. மூன்று சிறு வகுப்புகளாகப் பிரித்து, நடுவே சில வாரங்கள் அவரவர் பணியிடத்தில் வேலை கொடுங்கள். பல நாடுகளில் நடக்கும் களத் தொற்றுநோயியல் பயிற்சித் திட்டத்தின் முன்களப் பிரிவும் ஏறத்தாழ மூன்று மாதம் இப்படித்தான் நடக்கிறது.

காரணம் எளிது. வகுப்பில் புரிந்ததாகத் தோன்றும் பல விஷயங்கள், சொந்தப் பதிவேட்டின் முன் உட்காரும்போதுதான் புரியவில்லை என்று தெரியவரும். அந்தச் சந்தேகத்தோடு திரும்பி வந்து உட்காருவதற்கு அடுத்த வகுப்பு என்று ஒன்று இருக்க வேண்டும்.

4. முதல் பாடம்: நோயாளர் வரையறை

வரையறை இல்லாமல் எண்ணத் தொடங்கினால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை எண்ணுவார்கள், அந்த எண்களை ஒப்பிட முடியாது. அதனால் பகுப்பாய்வுக்கும் விசாரணைக்கும் முன்பே இது வந்துவிட வேண்டும்.

மருத்துவப் பின்னணி உள்ளவர்கள்தான் இங்கே அதிகம் முரண்டு பிடிப்பார்கள். 'இது தட்டம்மை இல்லை சார், எனக்குப் பார்த்தாலே தெரியும்' என்பார்கள். சிகிச்சைக்கான நோயறிதல் வேறு, கண்காணிப்புக்கான வரையறை வேறு என்பதை நிதானமாகப் புரியவைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, காய்ச்சலும் நீர்க்கொப்புளம் இல்லாத சிவந்த தடிப்பும் உள்ள எவரும் சந்தேகத்துக்குரிய தட்டம்மை நோயாளிதான். ஆய்வகம் பிறகு இல்லை என்று சொல்லலாம், அதில் தவறில்லை. சந்தேகத்துக்குரியவர்களில் பலர் ஆய்வகத்தில் 'இல்லை' என்று வருவதே வலை அகலமாக வீசப்பட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

வரையறை சூழ்நிலையோடு மாறும் என்பதைக் காட்டக் காலராவை எடுத்துக்கொள்ளுங்கள். பரவல் அறிவிக்கப்படாத பகுதியில், 2 வயதோ அதற்கு மேலோ உள்ளவருக்குக் கடும் நீர்ப்போக்குடன் கூடிய தீவிர நீர்த்த வயிற்றுப்போக்கு இருந்தால், அல்லது அந்த வயிற்றுப்போக்கால் அவர் இறந்தால், சந்தேகத்துக்குரியவர். பரவல் அறிவித்த பிறகு, தீவிர நீர்த்த வயிற்றுப்போக்கு வந்த எவரும், எந்த வயதினரும், கணக்கில் வருவார். அமைதிக் காலத்தில் குழந்தைகளின் சாதாரண வயிற்றுப்போக்கெல்லாம் உள்ளே வந்து குழப்பக்கூடாது, பரவல் காலத்தில் யாரும் விட்டுப்போகக்கூடாது என்பதுதான் இதன் கணக்கு.

பயிற்சி: மறைத்த பதிவேட்டு வரிகளில் இருபதைக் கொடுத்து, ஒவ்வொன்றும் வரையறைக்குள் வருமா என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். அப்புறம் எல்லோருடைய விடைகளையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எந்த வரியில் விடைகள் பிரிகின்றனவோ அங்கே நின்று பேசுங்கள். ஒத்துப்போன வரிகளை விட்டுவிடலாம்.

5. லைன் லிஸ்ட்: இங்கே அதிக நேரம் கொடுங்கள்

ஒரு நோயாளிக்கு ஒரு வரி, ஒரு விவரத்துக்கு ஒரு பத்தி (நெடுவரிசை). அவ்வளவுதான் லைன் லிஸ்ட். ஆனால் இதுவரை நான் பார்த்த பயிற்சிகளில், பிற்பாடு வந்த தவறுகளில் பெரும்பங்கு இந்தத் தாளிலிருந்துதான் கிளம்பின. இது சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் எண்ணிக்கை வேலைதான்.

பதிவேட்டில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: '12ஆம் தேதி, பெண், 8, வ.போக்கு 3 நாள்'. இதைப் பட்டியலில் ஏற்றச் சொன்னால், தேதி என்ற பத்தியில் ஏறத்தாழ எல்லோரும் 12 என்று எழுதுவார்கள். அது மருத்துவமனைக்கு வந்த தேதி. நமக்கு வேண்டியது அறிகுறி தொடங்கிய தேதி. தொற்று எப்போது, எங்கே ஏற்பட்டிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிடுவது தொடங்கிய நாளிலிருந்துதான். வந்த தேதியை வைத்துக் கணக்குப் போட்டால், விடுமுறைக்கு மறுநாள் நோயாளிகள் கூட்டமாக வருவதெல்லாம் பரவல்போலத் தெரியும்.

சரி, '3 நாள்' என்றால் தொடங்கியது 9ஆம் தேதியா, 10ஆம் தேதியா? வந்த நாளைச் சேர்த்து எண்ணினால் 10, சேர்க்காவிட்டால் 9. எது என்று குழுவாக ஒருமுறை முடிவு செய்து தாளின் மேலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள். நோயாளியை நேரில் கேட்கும்போது 'எத்தனை நாளாக?' என்று கேட்பதைவிட 'எந்தக் கிழமை ஆரம்பித்தது, காலையிலா ராத்திரியிலா?' என்று கேட்கப் பழக்குங்கள். நாள் கணக்கு மறந்தாலும் கிழமை பலருக்கு நினைவிருக்கும்.

அந்த '8' எட்டு வயதா, எட்டு மாதமா? வயதுக்கு ஆண்டு, மாதம் என்று இரண்டு பத்திகள் வைத்தால் இந்தக் கேள்வியே வராது. தடுப்பூசி நிலை கேட்கும் நோய்களில் இது சின்ன விஷயம் இல்லை. எட்டு மாதக் குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடும் வயதே வராமல் இருந்திருக்கலாம். அந்தக் குழந்தையைத் 'தடுப்பூசி போடாதவர்' என்று எழுதினால் பொருளே மாறிவிடும்.

புதியவர்கள் செய்யும் மற்ற தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கட்டத்தில் 'காய்ச்சல், வாந்தி, தலைவலி' என்று மூன்றையும் எழுதுவார்கள், பிறகு வாந்தி எத்தனை பேருக்கு என்று எண்ண முடியாது. ஒவ்வொரு அறிகுறிக்கும் தனிப் பத்தி வேண்டும், அதில் ஆம், இல்லை, தெரியாது என்ற மூன்றில் ஒன்று வேண்டும். வெற்றுக் கட்டத்தை 'இல்லை' என்று எண்ணிவிடுவது இன்னொரு வழக்கம். கேட்காமல் விட்டதும் இல்லை என்று சொன்னதும் ஒன்றல்ல. வசிப்பிடத்தில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதி நிறுத்திவிடுவார்கள். தெரு அல்லது தண்ணீர் வரும் குழாய்ப்பகுதி வரை இறங்காவிட்டால் இடவாரியாகப் பார்க்கும்போது எதுவும் தெரியாது.

ஒரே ஆள் இரண்டு மருத்துவமனைகளில் காட்டியிருந்தால் இரண்டு வரிகளில் வருவார். பெயரின் எழுத்துக்கூட்டல் இரண்டிலும் வேறாக இருக்கும். வயது, பாலினம், தெரு, தொடங்கிய தேதி நான்கும் ஒத்துப்போகும் வரிகளைத் தேடிப் பார்த்து, விசாரித்த பிறகே நீக்க வேண்டும். சந்தேகத்தின் பேரில் அழித்துவிடக்கூடாது.

பெயர் உள்ள பட்டியலைக் கைப்பேசிக் குழுக்களில் படம் எடுத்துப் போடுவதை இந்தப் பாடத்திலேயே தடுத்துவிடுங்கள். ஒரு குடும்பத்தின் பெயர் வெளியே போய்விட்டால் அடுத்த குடும்பம் நோயை மறைக்கும். அந்தத் தெருவில் கண்காணிப்பு அன்றோடு முடிந்தது. குழுவில் பகிர்வதற்கு வரிசை எண்ணே போதும்.

முதலில் தாளில் செய்யட்டும். கணினித் தாள் அதற்குப் பிறகு. தொடக்கத்திலேயே கணினியைக் கொடுத்தால் கவனம் முழுவதும் விசைப்பலகைக்குப் போய்விடும், 'தொடங்கிய தேதி' என்ற கருத்து மனதில் பதியாது.

6. வார அறிக்கையும் பூஜ்ஜியமும்

நோயாளி யாரும் இல்லாத வாரத்திலும் '0' என்று எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பாமல் இருந்தால், நோய் இல்லையா அல்லது ஆள் விடுப்பில் இருந்தாரா என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது. இதை ஒரு வாக்கியத்தில் சொன்னால் தலையாட்டுவார்கள், அடுத்த வாரம் அனுப்பமாட்டார்கள். எண்ணைக் காட்டிச் சொன்னால்தான் நிற்கும்.

சென்ற வாரம் 20 சுகாதார நிலையங்களிலிருந்து 42 நோயாளிகள், இந்த வாரம் 30 நோயாளிகள் என்று பலகையில் எழுதி, நிலைமை என்ன என்று கேளுங்கள். 'குறைந்திருக்கிறது' என்பார்கள். அப்புறம் இந்த வாரம் அறிக்கை அனுப்பியவை 13 நிலையங்கள் மட்டுமே என்று சொல்லுங்கள். நிலையத்துக்கு 2.1 ஆக இருந்தது 2.3 ஆகியிருக்கிறது. குறைந்தது அறிக்கைதான். இந்தக் கணக்கைப் பார்த்தவர், எண்ணிக்கையைச் சொல்லும்போதெல்லாம் எத்தனை நிலையங்களிலிருந்து என்று தானாகவே கேட்கத் தொடங்குவார்.

வாரம் எந்தக் கிழமை தொடங்குகிறது என்பதையும் உறுதி செய்துவிடுங்கள். சில நாடுகளில் தொற்றுநோயியல் வாரம் ஞாயிறு முதல் சனி வரை, சிலவற்றில் திங்கள் முதல் ஞாயிறு வரை. உங்கள் நாட்டு விதி எதுவோ அதை வார எண்களோடு ஓர் ஆண்டு நாட்காட்டியாக அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது.

7. ஆள், இடம், காலம்: கையால் வரையட்டும்

இரண்டாவது வகுப்பு இங்கே தொடங்கும். ஒவ்வொருவரும் தம் பணியிடத்திலிருந்து ஒரு லைன் லிஸ்ட் கொண்டுவந்திருக்க வேண்டும். மூன்று கேள்விகள்தான்: யாருக்கு, எங்கே, எப்போது.

காலத்துக்குக் கட்டத்தாளில் ஒரு நோயாளிக்கு ஒரு கட்டம் வீதம், தொடங்கிய தேதிக்கு மேல் அடுக்கச் சொல்லுங்கள். எபி கர்வ் என்பது இதுதான். பட்டையின் அகலம் எவ்வளவு என்று கேட்பார்கள். நோய் அரும்பும் காலத்தின், அதாவது தொற்று ஏற்பட்டதிலிருந்து அறிகுறி தொடங்கும்வரை ஆகும் காலத்தின், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் நல்லது. தட்டம்மைக்கு அரும்பும் காலம் பத்து நாளையொட்டி இருப்பதால் மூன்று நாள் பட்டை சரியாக வரும். காலராவுக்குச் சில மணி நேரம் முதல் ஐந்து நாள் வரை என்பதால் ஒரு நாளோ அரைநாளோ எடுக்கலாம். வாரக்கணக்கில் பட்டை போட்டால் காலராப் பரவல் முழுவதும் ஒரே பட்டைக்குள் அடங்கிவிடும், ஏற்றமும் இறக்கமும் தெரியாது.

நோயாளி இல்லாத நாட்களை அச்சிலிருந்து விட்டுவிடுவது புதியவர்களின் நிச்சயத் தவறு. வெறும் நாளுக்கும் இடம் விட்டே ஆக வேண்டும். இரண்டு கொத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான், தொற்று ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போயிருக்கிறது என்று பல நேரங்களில் காட்டிக்கொடுக்கும்.

இடத்துக்குக் கையால் வரைந்த தெருப்படமே போதும். ஆளுக்கு வயதுவாரியாக ஓர் அட்டவணை. ஆனால் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் மக்கள்தொகையால் வகுக்கச் சொல்லுங்கள். பெரிய தெருவில் நோயாளிகள் அதிகமாக இருப்பதில் செய்தி இல்லை.

8. எப்போது தொலைபேசியை எடுக்க வேண்டும்

இதை ஒரு பக்கத் தாளாகச் செய்து மேசைக்கு மேல் ஒட்டவைக்க வேண்டும். நோய்களை இரண்டாகப் பிரியுங்கள்.

முதல் வகையில் ஒரே ஒரு நோயாளி வந்தாலே அன்றைக்கே அழைக்க வேண்டும். 15 வயதுக்குட்பட்டவருக்குத் திடீரென்று வந்த தளர்வாதம் (கை, கால் தளர்ந்து செயலிழப்பது; போலியோவாக இருக்கலாம்), தொண்டை அடைப்பான் சந்தேகம், காலரா இல்லாத பகுதியில் காலரா சந்தேகம் போன்றவை இதில் வரும். முழுப் பட்டியல் உங்கள் நாட்டுச் சுகாதாரத் துறையின் அறிவிக்கைப்படி இருக்கட்டும். ஆய்வக முடிவு வரட்டும் என்று காத்திருப்பதுதான் இந்த வகையில் நடக்கும் மிகக் கெட்ட தவறு. காத்திருக்கும் நாட்களில் அடுத்த குழந்தைக்குப் போய்விடும்.

இரண்டாவது வகை, எப்போதும் சிலருக்கு இருந்துகொண்டே இருக்கும் நோய்கள். வழக்கமான அளவு எவ்வளவு என்று தெரிந்தால்தான் கூடுதல் எது என்று தெரியும். கடந்த ஐந்து ஆண்டுகளில் இதே வாரம், அதற்கு முந்தைய வாரம், அடுத்த வாரம் என்று எடுத்தால் 15 எண்கள் கிடைக்கும். சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்துங்கள். எட்டாவது எண் நடுவளவு. பன்னிரண்டாவது எண்ணைத் தாண்டினால் விசாரிக்கத் தொடங்க வேண்டும். கால்குலேட்டர்கூட வேண்டாம். சராசரியைப் பயன்படுத்தினால், எப்போதோ வந்த ஒரு பெரிய பரவல் எல்லையை உயர்த்திவிட்டு இன்றைய கூடுதலை மறைத்துவிடும். பரவல் ஆண்டைச் சேர்க்காமல் விடுவது இன்னும் நல்லது.

மக்கள்தொகை குறைந்த இடங்களில் விகிதம் கைகொடுக்காது. ஆப்பிரிக்காவில் மூளைக்காய்ச்சல் அடிக்கடி பரவும் 'மூளைக்காய்ச்சல் வளையம்' என்ற பகுதிக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையைப் பாருங்கள். 30,000 பேருக்கு மேல் உள்ள பகுதியில் வாரத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு 3 நோயாளிகள் என்றால் எச்சரிக்கை. 30,000க்குக் குறைந்த இடத்தில் விகிதமே இல்லை, ஒரு வாரத்தில் 2 நோயாளிகள் என்றாலே எச்சரிக்கை. சிறிய நிலையங்களில் இருப்பவர்களுக்கு இந்த எடுத்துக்காட்டு நன்றாக மனதில் ஏறுகிறது.

9. வதந்தியைக் கேட்கும் விதம்

படிவத்தில் வராத தகவல்தான் பல பரவல்களை முதலில் சொல்கிறது. பள்ளி ஆசிரியர், மருந்துக்கடைக்காரர், ஊர்ப் பெரியவர் என்று யாராவது போகிறபோக்கில் ஒன்று சொல்வார்கள். இதை விரிவுரையாகச் சொல்லாதீர்கள், நடித்துக் காட்டுங்கள்.

நீங்கள் பள்ளித் தலைமையாசிரியர், பயிற்சி பெறுபவர் அலுவலர். தொலைபேசியில், 'சார், நம்ம பள்ளிக்கூடத்துல நிறையப் பிள்ளைங்க வரல, காய்ச்சல்னு சொல்றாங்க' என்று தொடங்குங்கள். புதியவர்கள் உடனே அறிவுரையில் இறங்குவார்கள், 'தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்கள்' என்று. அல்லது எழுத்தில் கொடுங்கள் என்பார்கள். அங்கேயே நிறுத்தி மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். கேட்க வேண்டியவை: எத்தனை பேர் வரவில்லை, வழக்கமாக எத்தனை பேர் வரமாட்டார்கள், எந்த வகுப்பு, என்றிலிருந்து, காய்ச்சலோடு வேறென்ன, யாராவது மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார்களா, இறப்பு உண்டா, உங்களைத் திரும்ப அழைக்க எந்த எண்.

தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் உண்மையா என்று சரிபார்த்து, ஆம் இல்லை எதுவானாலும் சொன்னவரைத் திரும்ப அழைத்துச் சொல்ல வேண்டும். பொய்த் தகவலாக இருந்தாலும் நன்றி சொல்லியே ஆக வேண்டும். ஒருமுறை அலட்சியப்படுத்தப்பட்டவர் அடுத்த முறை அழைக்கமாட்டார்.

10. மாதிரி எடுப்பதும் அனுப்புவதும்

ஆய்வக ஆள் ஒருவரை இந்த அமர்வுக்கு அழைத்துவாருங்கள். திருப்பி அனுப்பப்பட்ட மாதிரிகள் என்னென்ன காரணத்துக்காகத் திரும்பின என்று அவர் வாயால் கேட்டால் நன்றாகப் பதியும்.

எல்லா மாதிரியையும் குளிர்பெட்டியில் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. தளர்வாதத்துக்கான மலமாதிரி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் போக வேண்டும். வாதம் தொடங்கி 14 நாட்களுக்குள், 24 மணி நேர இடைவெளியிலாவது இரண்டு மாதிரிகள் எடுத்திருக்க வேண்டும். காலராச் சந்தேகத்தில், கிருமியை ஆய்வகம் வரை உயிரோடு வைத்திருக்கும் கேரி-பிளேர் ஊடகத்தில் வைத்த மாதிரியோ அறை வெப்பநிலையிலேயே போகலாம். கிருமி வளர்ப்புக்கு அனுப்பும் தண்டுவடத் திரவத்தைக் குளிரில் வைக்கவே கூடாது, குளிரில் மூளைக்காய்ச்சல் பாக்டீரியா செத்துவிடும். பாக்டீரியாவைத் தேடும் மாதிரி எதுவானாலும், முடிந்தால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

எந்த நாளில் எந்தச் சோதனை என்பதும் முக்கியம். டெங்குவுக்கு முதல் ஐந்து நாட்களில் என்எஸ்1 (வைரஸின் புரதத்தைத் தேடும் சோதனை), அதற்குப் பிறகு ஐஜிஎம் (உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை). இரண்டாம் நாளில் ஐஜிஎம் பார்த்து 'இல்லை' என்று வந்ததால் பட்டியலிலிருந்து நீக்கியவர்கள் பலர். தொடங்கிய தேதியைப் படிவத்தில் எழுதாமல் அனுப்பினால் ஆய்வகத்துக்கும் வழி தெரியாது.

அப்புறம் ஒரு கணக்கு. நோயாளிகளில் 90 விழுக்காட்டைக் கண்டுபிடிக்கும், நோயில்லாதவர்களில் 95 விழுக்காட்டைச் சரியாக விலக்கும் ஒரு விரைவுச் சோதனை இருக்கிறது. 1,000 பேரில் 10 பேருக்குத்தான் நோய். சோதனை அந்தப் பத்தில் 9 பேரைப் பிடிக்கும், நோயில்லாத 990 பேரில் ஏறத்தாழ 50 பேரையும் பிடிக்கும். 'ஆம்' என்று வந்த 59 பேரில் 9 பேருக்குத்தான் உண்மையில் நோய். அறிகுறி இல்லாதவர்களையெல்லாம் சோதிக்க ஏன் அவசரப்படக்கூடாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

11. பரவல் விசாரணை ஒத்திகை

மூன்றாவது வகுப்பில் ஒரு முழு நாள். இதை முன்னால் கொண்டுவரச் சொல்லிப் பயிற்சி பெறுபவர்களே கேட்பார்கள், சுவாரசியமான பகுதி என்பதால். கொண்டுவராதீர்கள். வரையறையும் பட்டியலும் கைவராதவர் விசாரணைக்குப் போனால் கதைகளோடு திரும்புவார், கணக்கோடு திரும்பமாட்டார்.

ஒத்திகைக்கு இந்த எண்கள் எனக்கு நன்றாக உதவுகின்றன. ஒரு விருந்தில் 100 பேர், 40 பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. உணவு 'அ' சாப்பிட்டவர்கள் 60, அதில் நோயுற்றவர்கள் 36. சாப்பிடாதவர்கள் 40, நோயுற்றவர்கள் 4. உணவு 'ஆ' சாப்பிட்டவர்கள் 90, நோயுற்றவர்கள் 37. சாப்பிடாதவர்கள் 10, நோயுற்றவர்கள் 3.

நோயாளிகளை மட்டும் விசாரித்தவர் 'ஆ' என்றுதான் சொல்வார். 40 நோயாளிகளில் 37 பேர் அதைச் சாப்பிட்டிருக்கிறார்கள், 'அ' சாப்பிட்டவர்கள் 36 பேர்தானே. சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டால் வேறு கதை வரும். 'அ'வில் 60 விழுக்காட்டுக்கு எதிராக 10 விழுக்காடு, ஆறு மடங்கு. 'ஆ'வில் 41க்கு எதிராக 30, ஒன்றரை மடங்குகூட இல்லை. 'ஆ' ஏறத்தாழ எல்லோரும் சாப்பிட்டது, அவ்வளவுதான். நோய் வராதவர்களையும் ஏன் கேட்க வேண்டும் என்ற கேள்விக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

கட்டுப்பாட்டு வேலைகளை விசாரணை முடியும்வரை நிறுத்திவைக்கக் கூடாது என்பதையும் ஒத்திகையில் சேருங்கள். நீரைச் சந்தேகித்தால் குளோரின் போடுவது அன்றைக்கே, காரணத்தை நிரூபிப்பது அதன்பின்.

12. இடைப்பட்ட வாரங்களில் வழிகாட்டியின் வேலை

வகுப்புகளுக்கு நடுவே ஒவ்வொருவரையும் பணியிடத்தில் ஒருமுறையாவது பாருங்கள். போனதும் கேள்வி கேட்காமல், அவர்களோடு சேர்ந்து அந்த வாரப் பதிவேட்டை எண்ணுங்கள். தவறு இருந்தால் மேலதிகாரி முன்னிலையில் சொல்ல வேண்டாம்.

அவர்கள் அனுப்பும் தகவலுக்குப் பதில் போயே ஆக வேண்டும். மாதத்துக்கு ஒரு பக்கம், யார் நேரத்துக்கு அனுப்பினார்கள், எந்தப் பகுதியில் என்ன கூடியது, அதற்கு என்ன செய்யப்பட்டது என்று. அனுப்பிய எண் எங்கே போனது என்றே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த ஒரு பக்கம் எவ்வளவு தெம்பு தருகிறது என்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

13. பயிற்சி பலித்ததா என்று எப்படிப் பார்ப்பது

கடைசி நாள் தேர்வு மதிப்பெண்ணை நம்ப வேண்டாம். முதல் படியில் செய்த அதே எண்ணும் வேலையை மூன்று மாதம் கழித்துத் திரும்பச் செய்யுங்கள். பதிவேட்டு எண்ணும் அறிக்கை எண்ணும் நெருங்கியிருக்கின்றனவா, அறிக்கை நேரத்துக்கு வருகிறதா, தொடங்கிய தேதி எத்தனை வரிகளில் நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள்.

உண்மையான பரவல் ஏதாவது வந்திருந்தால் 7-1-7 என்ற அளவுகோலை வையுங்கள். தொடங்கியதிலிருந்து 7 நாட்களுக்குள் கண்டுபிடித்தார்களா, 1 நாளுக்குள் மேலே சொன்னார்களா, சொன்னதிலிருந்து 7 நாட்களுக்குள் முதற்கட்ட நடவடிக்கைகளை முடித்தார்களா? எந்த இடத்தில் நாள் கூடியதோ அங்கே என்ன தடை இருந்தது என்று கேளுங்கள். வாகனம் இல்லை, மாதிரிக் குப்பி இல்லை, அழைத்த எண்ணை யாரும் எடுக்கவில்லை என்ற பதில்கள் வரும். அவை பயிற்சியால் தீராதவை. எழுத்தில் மேலே கொண்டுபோவது பயிற்றுநராகிய உங்கள் வேலை.

பயிற்சி பெற்றவர் இடமாறிப் போவார். அதனால் நோயாளர் வரையறைகள், அழைக்க வேண்டிய எண்கள், 15 எண்களின் அட்டவணை, வார நாட்காட்டி, காலி லைன் லிஸ்ட் தாள்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு, பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் அந்தக் கோப்பையும் ஒரு பொருளாக எழுதிவையுங்கள். புதிதாக வருபவர் முதல் வாரத்து அறிக்கையை, கிளம்புகிறவர் பக்கத்தில் இருக்கும்போதே தயாரிக்கும்படி மேலதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.